மௌனத்தில் இருக்கிறவளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீ உன் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாய். மூன்று வாரம் என்று சொல்லிவிட்டுப் போனாய், இன்றோடு ஐந்து மாதமும் ஒன்பது நாளும் ஆகிறது. ஓய்வு, பயணம், தன்னைத் தேடுவது என்று நீ என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள், எனக்குத் தெரிந்த பெயர் இது ஒன்றுதான். நீ நலமாக இருக்கிறாய் என்று அந்தத் தியான மையத்தில் போனை எடுத்தவர் சொன்னார், சந்தோஷம். இங்கே நானும் பொடிசும் நலமாக இல்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நீ கொடுத்துவிட்டுப் போன நம்பருக்கு அடித்தேன். தேன் தடவின மாதிரி ஒரு குரல். அவளுடைய அம்மா பேசுகிறேன், அவசரமாக அவளிடம் பேச வேண்டும் என்றேன். அவங்க மௌனத்துல இருக்காங்கம்மா, நாற்பது நாள், அடுத்த மாசம் பதினோராம் தேதிதான் வெளியே வருவாங்க என்றார். நடுவில் கூப்பிட வேண்டுமானால் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டுமாம், இல்லையென்றால் சாகக் கிடக்க வேண்டுமாம், அதுதான் விதியாம். என் புத்தி, ரெண்டும் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் செத்துவிட்டேன் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன், ஆனால் செத்தவளே போன் போட்டால் அவர்களுக்கும் சந்தேகம் வரும். கடைசியில், கடிதம் போடுங்கம்மா, வாசல் மேஜையில ஒரு பெட்டி இருக்கு, அதுல வைப்போம், விருப்பப்பட்டவங்க எடுத்துப் படிக்கலாம், ஆனா பெரும்பாலும் யாரும் எடுக்கிறதில்லை என்றார். நானும் இருபத்தாறு வருஷமா வாயைத் திறக்காமத்தான் வேலை பார்க்கிறேன், எனக்கும் அங்க ஒரு அறை கிடைக்குமா என்று கேட்டேன். சிரித்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ பெட்டியில் கை விடுவாயா மாட்டாயா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். போன செவ்வாய்க்கிழமை பொடிசு மதியச் சாப்பாட்டு வேளையில் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போய்விட்டாள். பின்பக்க கேட் வழியாக நோட்டுப் புத்தகம் இறக்க ஒரு வண்டி வந்திருக்கிறது, அது வெளியே போகும்போது அதன் ஓரமாகவே இவளும் போயிருக்கிறாள். பஸ் போகிற ரோட்டிலேயே பதினோரு ஸ்டாப் நடந்திருக்கிறாள். ஏழு வயசுப் பிள்ளை, லாரி போகிற ரோடு. டிப்போ வாசல் படியில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளை டிக்கெட் பரிசோதகர் ஒருவர் பார்த்து, என்ன பாப்பா தொலைஞ்சு போயிட்டியா என்று கேட்டிருக்கிறார். தொலையலை அங்கிள், பழகிட்டிருக்கேன் என்றாளாம். பையைத் திறந்தால் ஒரு துண்டு, ரெண்டு பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில். குதிகாலில் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டிக்கிடந்தது. நான் சுடுதண்ணீரில் நனைத்து நனைத்து எடுத்தேன், அவள் அழவில்லை, அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு இல்ல, போட்டோவில பார்த்தேன் என்றாள்.

இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நீ போன முதல் மாதம், என்னை ஏன் கூட்டிட்டுப் போகலை என்று தினமும் என் உயிரை எடுத்தாள். நீ அப்போது அந்தப் பெரிய நகரத்தில் தெருத்தெருவாகச் சுற்றிப் பாலத்தையும் கதவையும் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தாய், பிறகு மலைப்பாதையில் இருபத்துமூன்று நாள் நடந்தாய். நான் என்னத்தைச் சொல்வேன். அம்மா ரொம்ப தூரம் நடக்கணும் கண்ணு, உனக்குக் கால் வலிக்கும், அதான் விட்டுட்டுப் போயிருக்கா என்று சொல்லித் தொலைத்தேன். ஆறுதலுக்குச் சொன்னது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலமானால் பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நம் மாடி நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இப்போது காலில் கட்டோடும் நடக்கிறாள். உட்காருடி என்றால், மெதுவா நடந்தா மறுபடியும் விட்டுட்டுப் போயிடுவாங்க என்கிறாள். நடக்கத் தெரியாததால்தான் அம்மா போய்விட்டாள் என்று அவள் நம்புகிறாள். நம்ப வைத்தது நான். ஆனால் என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது நீ.

பள்ளிக்கூடத்தில் கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். போன மாதப் படிவத்தில் உன் கையெழுத்து. ஊரிலேயே இல்லாதவள் எப்படிக் கையெழுத்துப் போட்டாள் என்று தலைமையாசிரியை கேட்டார், நான்தான் போட்டேன் என்றேன். மறுநாளே குழந்தை நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், உன் வயசுதான் இருக்கும், கெட்டவள் இல்லை. கட்டிலை எண்ணினாள், அடுப்படியைப் பார்த்தாள். குழந்தையோட அம்மா எங்கே என்றாள். நான் வேலை விஷயமா வெளியூர் என்று ஆரம்பிப்பதற்குள், எங்கம்மா நடந்துட்டிருக்காங்க என்று இவள் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எனக்குக் காலை ஆறு மணி வேலை முறை வரும்போது பொடிசு தானாகத்தான் கிளம்புகிறாள், சாவி கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கும் என்பதையும் எழுதிக்கொண்டாள். அடுத்த மாதம் நாலாம் தேதி அவர்கள் அலுவலகத்தில் விசாரணை. பெற்றவள் நேரில் வர வேண்டும். வந்து, நானே வளர்க்கிறேன் என்றோ, என் அம்மாவிடம் ஒப்படைக்கிறேன் என்றோ அவர்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றவன் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனவன், அவனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. நீயும் வராவிட்டால் பொடிசைக் காப்பகத்தில் வைத்துவிடுவார்கள். தற்காலிகம்தாம்மா என்றாள் அந்தப் பெண். மூன்று வாரம் என்று கேட்டுப் பழகியவளிடம் தற்காலிகம் என்கிறாள்.

நீ தங்கியிருக்கிற அறையின் படத்தைப் போன மாதம் அனுப்பினாயே, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். நான் முதலில் பார்த்தது விரிப்பைத்தான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவள் கண்ணுக்கு வேறு என்ன தெரியும். ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கொதிநீரில் துவைத்து, ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு மடிக்கிறவள் நான். அந்த விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அதை விரித்தவள் மௌனத்தில் இருக்க மாட்டாள், மேற்பார்வையாளனிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பாள், அவள் பிள்ளையும் எங்கேயோ சாவியோடு உட்கார்ந்திருக்கும். ஆறு வருஷம் போனில் கண்டவன் திட்டையும் கேட்க வைத்து உன்னை அந்தக் காப்பீட்டுக் கம்பெனி உடைத்தது. உடைந்தவர்களுக்கு என்று ஒருவன் கடை திறந்து வைத்திருக்கிறான். நடுவில் உன் பிள்ளை. எனக்கு உன் மேல் மட்டும்தான் கோபம் என்று நினைக்காதே. கை நடுங்குதும்மா என்று நீ வந்து நின்றபோது, எல்லாரும்தான் வேலைக்குப் போறாங்க, உனக்கு மட்டும் என்ன என்று கேட்டவள் நான்தான்.

வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் நடக்கப் போவதானால் போ, நான் தடுக்கமாட்டேன். இல்லை, பொய், தடுப்பேன், வாசலில் குறுக்கே நிற்பேன். ஆனாலும் வா. ரெண்டு நாள் பயணம், முதல் தேதியே கிளம்பினால்தான் சரியாக இருக்கும். அடையாள அட்டையை மறக்காதே. கொப்புளத்தை ஊசியால் குத்தாதே, ஈர சாக்ஸோடு உட்காராதே, வயிற்றுக்கு ஒழுங்காகச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் உன் கையும் காலும் நடுங்காமல் இருக்கட்டும், நன்றாகத் தூங்கு, நூறு வயசு நன்றாக இரு, என் கோபம் உன்னைத் தொடாது.

நாலாம் தேதி, காலை பத்தரை மணி. வரமாட்டாய் என்றால் ஏன் அவளை விட்டுவிட்டுப் போனாய் என்பதை உன் கையாலேயே அவளுக்கு எழுது, ஏழு வயசுக்குப் புரிகிற மாதிரி எழுது. உனக்காக நான் இனிமேல் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா