பேனரில் நான் எழுதாமல் விட்ட பெயர்

இன்று காலையும் விறகு எடுக்கப் போய் உன் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனேன். உன் சாவுக்கு அடித்த பேனரைப் பதினாறாம் நாள் முடிந்ததும் கழற்றி, மழைக்கு விறகின்மேல் போட்டிருக்கிறேன். நம் ரப்பர் தோட்டத்தில் எந்தப் பேனரும் அப்படித்தான் முடிகிறது. ஒன்று விறகின்மேல், இல்லையென்றால் கோழிக்கூட்டின்மேல். மற்றவர்களின் முகம் என்னை ஒன்றும் செய்ததில்லை.  உன் முகம் மட்டும் இரண்டு மாதமாகியும் பழகவில்லை.

அதிலுள்ள வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. பாலர் பாடசாலை டீச்சர் என்பதால் தோட்டத்தில் யார் போனாலும் என்னிடம்தான் வருவார்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் சகோதரி என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். உனக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் கை ஓடவில்லை. பதினெட்டு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும், உன்னைப் பற்றி நான் கேட்டதில் எது நிஜமென்று எனக்குத் தெரியவில்லை.

நீ சொன்ன பொய்களால் உனக்கு ஒரு லாபமும் இருந்ததில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். லயத்து வரிசை வீடுகளில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. நீ பருப்பு தாளிக்கும் வாசம் என் மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, "இன்னிக்கு எங்க வீட்டுல கோழிக்கறி புள்ள" என்பாய். ஓப்பநாயக்கவுக்குப் போய் வந்தால் பெல்மதுளைக்குப் போனேன் என்பாய். நீ ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் மலைப்பாம்பு ஒன்று வாளிக்குள் தலையை விட்டுப் பாலைக் குடித்ததாம். அதற்கு வாய் ஒட்டிக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். ஒட்டிக்கொண்டது, நான்தான் பிரித்துவிட்டேன் என்றாய்.

எனக்கு அரசாங்க நியமனம் கிடைத்துவிட்டது என்று நீ ஊரெல்லாம் சொல்லிவைத்ததை மட்டும் என்னால் சிரித்து விட முடியவில்லை. ஆட்கள் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் இல்லை, இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. கடைசியில் நானே வந்து, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன்.

"தெரியல புள்ள. வாயத் தொறந்தா அதுவா வந்துருது. சொன்ன பெறகுதான் எனக்கே தெரியுது" என்றாய்.

அதைச் சொன்னபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றோடு உன்மேல் கோபப்படுவதை விட்டேன். நீ எது சொன்னாலும் ஆமாம் போட்டுக் கேட்டுக்கொள்வது, ஒன்றையும் நம்பாமல் இருப்பது என்று பழகிக்கொண்டேன். உன்னோடு சண்டையில்லாமல் இருக்க அதுதான் நல்ல வழி என்று நினைத்தேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நீ சொன்னதிலேயே எனக்கு அதிகம் சிரிப்பு வந்தது உன் எஹலியகொட ஊர் அக்கா கதைக்குத்தான். இரட்டையாகப் பிறந்தீர்களாம், உன்னையே உரித்து வைத்த மாதிரி இருப்பாளாம். பிரசவத்தில் உங்கள் அம்மா செத்ததும் அவளை ஒரு சிங்களக் குடும்பம் எடுத்து வளர்த்ததாம். ஒரு தடவை அவள் நர்ஸ். அடுத்த தடவை மாணிக்கக்கல் முதலாளியின் மனைவி. பிறகு இத்தாலிக்கே போய்விட்டாள். ஒருநாள் அவளுடைய நம்பர் என்று நீ கொடுத்ததற்கு நான் போன் அடித்தால், டயர் கடைக்காரர் ஒருவர் எடுத்தார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

எலிக்காய்ச்சலில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கிளினிக் அட்டையின் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதி என் கையில் தந்தாய். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்காவுக்குச் சொல்லிரு. அவ கோடிச் சேல கொண்டாந்து போத்தணும்."

அவ்வளவுதான் சொன்னாய். நர்ஸ் இல்லை, முதலாளி இல்லை, இத்தாலி இல்லை. நீ இத்தனை சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லையே. டயர் கடைதான் ஞாபகம் வந்தது. சரி சரி என்று சொல்லி அட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

சவப்பெட்டியை மூடப்போகும்போது, பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எங்கே என்று கேட்டார்கள். அட்டையை எடுத்துக்கூடப் பார்க்காமல், ஆளில்லை என்று சொன்னது நான். என் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்துவந்து உனக்குப் போர்த்தினோம். உன் படத்தோடு சந்தியில் கட்டிய பேனரிலும் சகோதரி என்று ஒரு வரி இல்லை.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்துப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். லயத்துப் பாதையில் நீ ஏறி வந்தாய்.

அதே தெற்றுப்பல். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் அதே நடை. சிங்களப் பெண்கள் கட்டும் விதத்தில் வெள்ளைச் சேலை. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.  குடம் உருண்டு போக, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கிவிட்டதும் உன் கை மாதிரியான கைதான்.

உன் அக்காவோடு அவள் மகனும் வந்திருந்தான். லொறி ஓட்டுகிறவன். பலாங்கொடைக்குப் போகும் வழியில், சந்தியில் தன் அம்மாவின் படம் மரணப் பேனரில் தொங்குவதைப் பார்த்திருக்கிறான். தமிழ் வாசிக்கத் தெரியாது. லொறியை ஓரங்கட்டி வீட்டுக்குப் போன் அடித்தால், எடுத்தது அம்மாவேதான். அவன் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டதும், போனது யாரென்று அவளுக்கு விளங்கிவிட்டதாம்.

அவள் நர்ஸும் இல்லை, முதலாளியின் மனைவியும் இல்லை. எஹலியகொடையில் சின்னத் தேநீர்க் கடை வைத்திருக்கிறாள். தோட்டத்துச் சொந்தம் புருஷன் வீட்டுக்குப் பிடிக்காது என்பதால், வருடத்துக்கு இரண்டு தரம் இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் மட்டும் சந்தித்துக்கொள்வீர்களாம். பெல்மதுளைக்குப் போனேன் என்று நீ சொன்ன நாட்களில் எதெதில் இரத்தினபுரிக்குப் போனாயோ.

உன்னை 'நங்கி' என்றுதான் சொன்னாள், சிங்களத்தில் தங்கச்சியைச் சொல்வதுபோல. என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கடைப்பையைத் திறந்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை ஒன்றைக் காட்டினாள். பிறகு தட்டுத் தடுமாறிய தமிழில் என்னைக் கேட்டாள்.

"நங்கி சாகுறப்போ எனக்கு யாரும் சொல்லல்லையே. ஏன் டீச்சர்?"

கிளினிக் அட்டை பத்தடி தூரத்தில், உள்ளே ஆணியில் தொங்கிய பையில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"அடிச்சோங்க. நாலஞ்சு தடவ அடிச்சோம். மழையில லைன் கெடைக்கல. எங்க தம்பிகூட ரோட்டுக்கு எறங்கிப் போயி அடிச்சுப் பாத்தான், பாவம், நனைஞ்சு காய்ச்சலே வந்துருச்சு."

எனக்குத் தம்பி கிடையாது. உனக்கு அது தெரியும்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர் சொன்னா சரிதான். நங்கி எப்பவும் சொல்லும், பக்கத்து வீட்டு டீச்சர் மட்டும் பொய்யே சொல்ல மாட்டாங்கன்னு."

நீ என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு நிஜத்தை உன் அக்காவின் கண் முன்னாலேயே பொய்யாக்கிவிட்டேன். பிறகு உன் குழிமேட்டுக்குப் போனோம். அவள் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடித்து ஈரமண்ணின்மேல் அந்தக் கோடியை விரித்தோம். 

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குப் போன் அடிக்கிறாள். அட்டையில் நீ எழுதித் தந்த அதே நம்பர், ஒரு இலக்கம்கூடத் தப்பில்லை. இந்த வாரமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் எடுக்கிறேன். அவள் முதலில் கேட்பது, தம்பி சுகமா, காய்ச்சல் விட்டுவிட்டதா என்று.

போன ஞாயிற்றுக்கிழமை, அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, புள்ள.