காரிக்குக் கண் தெரியாது

ஒரகடம்
18-11-1983

அன்பு மகள் பாஞ்சாலிக்கு அப்பா எழுதுவது. மழை விட்டு நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். பிலாய்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நம் எருமை காரியைப் பற்றிக் கேட்டிருந்தாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஐப்பசி ஆரம்பத்தில் அது நிறைசினையாக இருந்தது, தீனி எடுக்கவில்லை என்று ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் இராமச்சந்திரனை அழைத்து வந்தேன். வயிற்றைப் பார்த்தவர் என்ன நினைத்தாரோ, ஒரு பஞ்சு உருண்டையை அதன் கண்ணுக்கு நேரே விழவிட்டார். காரி இமைக்கவில்லை. மறு கண்ணும் அப்படியே. வயிற்றில் கோளாறு இல்லை, ஆனால் இரண்டு கண்ணும் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், தெரியாதா என்றார். தினமும் தனியாக ஏரிக்குப் போய்த் தனியாகத் திரும்புகிற மாடு, எப்படி நம்புவது? "அது குருடுன்னா நாங்க இன்னாத்துக்குக் கண்ணு வெச்சிகினு கீறோம்" என்றாள் அம்மா. பார்வை மங்க மங்கக் காதும் மூக்கும் அந்த வேலையைப் பழகிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் புதிதாக வரும் கம்பெனிக்காரர்கள் ஏரிக்குப் போகும் வழியை முள்கம்பியால் அடைத்து, பக்கத்தில் ஆழமாகக் கால்வாய் வெட்டிவிட்டார்கள். முதல் நாளே காரி கம்பியில் முட்டி நெஞ்சைக் கிழித்துக்கொண்டது. பள்ளத்தில் விழுந்தால் கன்றும் சேர்ந்து போய்விடுமே என்று பயந்து, மாட்டுத் தரகர் கோதண்டத்தை வந்து ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். அம்மா அன்று சோறு தொடவில்லை.

அவர் வந்த காலையில் கொட்டகையில் மாடு இல்லை, கயிறு அறுந்து கிடந்தது. இருவரும் ஓடினோம். கால்வாய்க் கரையில் நின்றிருந்தது காரி. மூக்கைத் தரையோடு வைத்து மூச்சு விட்டது. காதைத் திருப்பித் திருப்பி எதையோ கேட்டது. அப்புறம்தான் எனக்கும் கேட்டது, தூரத்தில் குழாய்க்குள் தண்ணீர் விழும் சத்தம். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கரையோரமாகவே நடந்தது. ஒவ்வோர் அடியும் முன்காலால் மண்ணை அழுத்திப் பார்த்து, மண் சரிந்தால் காலை இழுத்துக்கொண்டு, கால்வாய்க்குக் குறுக்கே குழாய் போட்டு மேலே மண் கொட்டியிருந்த இடத்துக்கு வந்து, சற்று நின்று, தாண்டி, ஏரிப் பக்கம் திரும்பிவிட்டது. எத்தனை வருஷமாக மாடு கட்டுகிறேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. கோதண்டம் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இத்த நான் ஓட்ட மாட்டேன் நைனா, நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை கன்று ஈன்றது, கிடேரி. காலிலிருந்து காதுவரை நக்கி நக்கியே அதைத் தெரிந்துகொண்டது. பக்கத்து வீட்டுக் கன்று வந்தால் தலையால் தள்ளுகிறது, தன்னுடையது வேலிக்கு அப்பால் வரும்போதே குரல் கொடுக்கிறது. தன் பிள்ளையின் முகத்தை அது ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் கன்று பக்கத்தில் வந்ததும் சரியாக அதன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய் வைக்கிறது, பாஞ்சாலி.

ஈரத் தலையோடு படுக்காதே. பொங்கலுக்கு லீவு கேட்க மாப்பிள்ளைக்கு இப்போதே நினைவுபடுத்து. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ எங்கள் ஆசீர்வாதம்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
கன்னியப்பன்