இரண்டு விரல் அகலம் இறங்கிய கண்ணாடி

என் உயிரான தம்பி சுந்தரத்துக்கு,

அன்று காரில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது என் மகன் ரமேஷ். பக்கத்தில் அவன் மனைவி மௌஷுமி. பின்சீட்டில் நீ. உன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு நான். நாலே பேர். இன்றைக்கு அந்த நாளைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற உறவுக்காரர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "நல்ல மனிதர், எல்லோருக்கும் உதவினார் என்று நாலு வரி போதும் மாமி" என்றார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், நாலு வரிதான் வரும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் உன்மேல் ஒரு பழி கிடக்கிறது. காரில் கோளாறு இருந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லையாம். உன் பிடிவாதத்தால்தான் வண்டி நடுவழியில் நின்றதாம். நீ சொன்னாய். எந்தக் கிழமை, எந்த வேளை, என்ன வார்த்தையில் சொன்னாய் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை.

துறைமுக அலுவலகத்தில் உன்னோடு இருந்தவர் விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போகும்போது உன்னிடம் விட்டுப்போன வண்டி அது. பதினெட்டு வருடம் உன் கையில் இருந்தது. அதற்கு வாய் பேச வராத குறையை உன் காது தீர்த்துவைத்தது. ஆனால் உனக்கு வங்காளம்தான் வரவில்லை. நாற்பது வருடம் கல்கத்தாவில் இருந்தும் மீன்காரனோடு பேசுகிற அளவில் நின்றுவிட்டாய். பிளம்பர், டாக்டர், கார் மிஸ்திரி, யாராயிருந்தாலும் நம் வீட்டுக்கு ரமேஷ்தான் வாய். நாம் தமிழில் சொல்வோம். அவன் போய் அவர்கள் பாஷையில் சொல்வான். எதைச் சொன்னான், எதை விட்டான் என்று நாம் கேட்டதே இல்லை. ஏன் கேட்கவில்லை, தம்பி?

செவ்வாய்க்கிழமை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால். நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். மௌஷுமி எதிரே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே ரமேஷ், கார்க் கண்ணாடி மேல ஏறுறதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சிரலாம் போலிருக்கு. நாலு கதவும் அப்படித்தான். காலைல கிளப்பினா முன்னால கிரீச்சுன்னு கத்துது. ஏசி போட்டா இன்னும் ஜாஸ்தி. ரெண்டையும் ஒரே ஆள்ட்ட சொல்லு, என்ன? தனித்தனியா சொல்லாத."

"மாமா, உங்க காரைவிட நீங்கதான் ஜாஸ்தி கத்துறீங்க. ஹோபே, ஹோபே" என்றான். ஆகும், ஆகும் என்று அர்த்தம். அவன் எதைச் செய்யப்போவதில்லையோ அதற்குத்தான் அந்தச் சொல் வரும்.

கரியாஹாட்டுக்குப் பின்னால் கதவுக் கண்ணாடி மட்டும் பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனான். கண்ணாடி மெதுவாக ஏறுகிறது என்பதை மட்டும் சொன்னான். அந்த ஆள் ரப்பர் பட்டையைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு சுவிட்சை மாற்றிக் கொடுத்தான். சத்தத்துக்கு என்ஜின் மிஸ்திரியிடம் போக வேண்டும், அங்கே அரைநாள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் போனில் எதையோ பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "அம்மா, துணி சோப்புத் துண்டு ஒண்ணு குடு." கொடுத்தேன். என்ஜின் பெல்ட்டில் தேய்த்தான். கத்தல் நின்றது.

நீ மட்டும் நம்பவில்லை. "சத்தத்தைத்தான் அமுக்கியிருக்கான்க்கா. கண்ணாடி இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் ஏறுது, பாரு" என்று பட்டனை அமுக்கிக் காட்டினாய். "சும்மா கிட. வயசான வண்டி, உன்னை மாதிரிதான் இருக்கும்" என்றேன். நீ சிரித்தாய். அதற்கும் நீ சிரித்தாயே.

துர்கா பூஜைக்கு முந்தின ஞாயிறு, காலை பதினோரு மணி. கொட்டுகிற மழை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். அலிப்பூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் காரிலேயே போய்விடலாம் என்று ரமேஷ் கிளப்பினான். ஜாதவ்பூரைத் தாண்டுவதற்குள் கத்தல் திரும்பி வந்துவிட்டது. வைப்பர், விளக்கு, ஏசி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு முன்னால் ஏதோ பட்டென்று அறுந்தது. பிறகு சத்தமே இல்லை. அந்த வலியிலும் நீ சொன்னாய்: "பெல்ட்டு போயிட்டுக்கா."

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. வைப்பர் தளர்ந்து கண்ணாடியின் பாதியில் நின்றது. வழியில் ஒரு பாலத்து ஏற்றத்தில் வண்டியும் நின்றது. எங்கும் பூஜைக்குத் துணி எடுக்க வந்த கூட்டம். உன் பக்கத்துக் கதவோடு ஒட்டி ஒரு பஸ், என் பக்கம் ஒரு லாரி. திறக்க இடமில்லை. ரமேஷும் மௌஷுமியும் முன்பக்கம் எப்படியோ நுழைந்து இறங்கி மழையில் டாக்ஸிக்குக் கை காட்டிக்கொண்டு ஓடினார்கள்.

"அக்கா, காத்து வேணும். கண்ணாடியை இறக்கு" என்றாய்.

அமுக்கினேன். இரண்டு விரல் அகலம் இறங்கி நின்றுவிட்டது. கட்டைவிரல் வெளுக்கும்வரை அமுக்கினேன். அந்த இடுக்கை நோக்கி நீ வாயைத் திருப்பினாய். மழைத்தண்ணீர்தான் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். பஸ் நகர்ந்தபோது நாலு பேர் ஓடிவந்து உன்னைத் தூக்கி, ரமேஷ் பிடித்துவந்த டாக்ஸியில் ஏற்றினார்கள். அவர்கள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரமேஷிடம் வங்காளத்தில் ஏதோ சொன்னார். அவன் திரும்பி, "முடிஞ்சிருச்சும்மா" என்றான். எனக்கு வங்காளம் பேச வராது. காதில் விழுவது புரியும். அரைமணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் அவர் சொன்னார். அந்தப் பாதியை அவன் எனக்குச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள் நிறைந்த கூடத்தில் அவன் சொன்னான்: "மாமா ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் பார்த்திருக்க மாட்டேனா? அவருக்கு எல்லாத்துலயும் பிடிவாதம்." நான் காப்பித் தட்டோடு நின்றேன். பெற்ற வயிறு என் வாயைக் கட்டிவிட்டது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். உன் போட்டோவுக்கு முன்னால் இது நடந்தது.

போன மாதம் காரை விலைக்குக் கேட்டு ஒருவர் பார்க்க வந்தார். கூடவே ஒரு கிழ மிஸ்திரி. பானட்டைத் திறந்து, அறுந்து தொங்கிய பெல்ட்டை முகர்ந்து பார்த்தார். "கண்ணாடியெல்லாம் மெதுவா ஏறிச்சா? முன்னால கத்திச்சா?" என்று கேட்டார். நான் மாடியிலிருந்து இறங்கி வந்து ஆமாம் என்று தலையசைத்தேன். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் கத்தும், கரண்ட் உண்டாக்குகிற சக்கரமும் சரியாகச் சுற்றாது, கரண்ட் குறைந்தால் கண்ணாடி இழுக்கும் என்று கையால் காட்டி எனக்கு விளக்கினார். "ரெண்டும் ஒரே வியாதி, மாஷிமா. சேர்த்துச் சொல்லியிருந்தா ஒரு மணி நேர வேலை" என்றார், பெரியம்மாவை அழைக்கிற மரியாதையோடு.

"சத்தம் வந்ததை எங்ககிட்ட யாரும் சொல்லலை" என்றான் ரமேஷ். அதே பொய் இரண்டாவது தடவை, இப்போது அந்நிய மனிதர் முன்னால்.

"மாமா சொன்னாங்க. நானு கேட்டேன்" என்றாள் மௌஷுமி, அவளுக்குத் தெரிந்த தமிழில். அவன் அவளைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டாள். நீ அவளுக்குக் கற்றுக்கொடுத்த தமிழ், தம்பி. உனக்காகப் பேசினது அது ஒன்றுதான்.

கண்ணாடிக் கடைக்காரன் தன்னிடம் சொன்னதைச் செய்தான், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒட்டி நின்ற பஸ்காரன்மேலும் இல்லை. மௌஷுமிமேல் எனக்கிருந்த பழைய மனத்தாங்கலையெல்லாம் அவள் உனக்காகப் பேசின அன்றைக்கே விட்டுவிட்டேன். என் பங்குக்கு உன்னிடம் நேரில் வந்து பதில் சொல்கிறேன். கார் நின்றதற்காகக்கூட நான் யாரையும் பிடித்துவைக்கவில்லை. சோம்பல் எந்த வீட்டில் இல்லை?

வருகிற உன் முதல் திவசத்துக்கு அதே உறவுக்காரர்கள் வருவார்கள். இலை போடுவதற்கு முன்னால், அதே கூடத்தில், நீ செவ்வாய்க்கிழமை சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்வேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு. எழுதினதை அவனால் படிக்க முடியாது. தமிழ் பேசுவான், எழுத்துத் தெரியாது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறவர்கள் யாராவது அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். பாதியை விட்டுவிடாதீர்கள்.

அவனுக்குச் சோறு போடுகிறேன். காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். செத்தவன்மேல் பொய் சொன்னதை மட்டும் மன்னிக்க மாட்டேன், கட்டையில் போகும்வரை. அவன் என் மகன் ரமேஷ்.

உன் கூடப்பிறந்த அக்கா,
பார்வதி