உன் தொட்டியில் பறித்த இலை

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. கோர்ட்டில் நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, உனக்குக் கடிதம் எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? விடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை என்று கீழ்வீட்டு நர்ஸம்மாவிடம் சொன்னாயாம். முகவரி கொடுத்ததும் அவள்தான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான் நச்சரித்து வாங்கினேன்.

நான் இருக்கிறேன். முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. தையல் கடையில் இப்போது பள்ளிக்கூடச் சீருடை வேலை, ஒரு நாளைக்கு நாற்பது காலர். முதலாளி புது மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார். அது முன்னால் ஓடுகிறது, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறேன்.

அத்தை சுற்றி வளைக்கிறாள் என்று நினைப்பாய். உண்மைதான். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேறு யார் வாயிலிருந்தோ நீ அதைக் கேட்கக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் போன் செய்தான். "அம்மா, ஏழு மணிக்கு வந்துடுவேன். கூட ஒருத்தங்க வர்றாங்க. சாப்பிட ஏதாவது செஞ்சு வைங்க" என்றான். யார் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குரலே சொல்லிவிட்டது.

வெளியே அடைமழை. கடைக்குப் போக வழியில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் மூன்று முட்டை, கொஞ்சம் வெண்ணெய், ஒரு பூண்டு. டப்பாவில் மைதா இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அப்புறம் அந்தக் கையே மைதாவை மேடை மேல் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டையை உடைத்து ஊற்றிவிட்டது. நீ செய்கிற பாஸ்தா. "கிண்ணமெல்லாம் வேணாம் அத்தை, கழுவுற வேலை மிச்சம்" என்பாயே, அதே மாதிரி. பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவைத்து, பாட்டிலால் தேய்த்தேன். வெட்டுவதற்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நாடா போல ஒரே அகலமாக வந்தது.

தேய்க்கும்போது மாமா ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கு வாய்க்கு எதுவுமே பிடிக்காமல் போன கடைசி இரண்டு மாதமும் இதைத்தான் குழைய வேகவைத்து, ஒவ்வொரு இழையாக ஊட்டினாய். பெற்ற பிள்ளை பயந்துகொண்டு கதவோரம் நின்றான். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தது நீதான்.

மணி அடித்தது. அவன் கூட்டி வருகிறவளை வெறுக்க வேண்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். நனைந்த செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, "இதை எங்க வைக்கட்டும் ஆன்ட்டி?" என்று நின்றாள். எனக்கு வெறுப்பு வரவில்லை. வந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

தண்ணீர் கொதித்தது, பூண்டு வெண்ணெயில் சிவந்தது, இலை மட்டும் பாக்கி. பால்கனிக்குப் போக எனக்குக் கால் எழவில்லை. நீ போன இந்த ஏழு மாதமும் உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், பழுத்ததைக் கிள்ளிப் போடுகிறேன். ஆனால் சமையலுக்கென்று ஒரு இலை பறித்ததில்லை. அவளே குடை பிடித்துக்கொண்டு போய், பேசிலும் பார்ஸ்லியும் கை நிறையப் பறித்து வந்தாள். கிள்ளிப் போட்டதும் வீடு முழுக்க உன் வாசனை.

முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். அவன் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உன் பெயர் என் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டிவியில பார்த்தேன்" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நன்றியோடு பார்த்தான், கண்ணு. அந்தப் பார்வைதான் இன்னும் என்னை அறுக்கிறது.

மறுநாள் கடையில் பதினோரு காலரைத் தலைகீழாகத் தைத்தேன். முதலாளி எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தார். மத்தியானம் அவளுக்குப் போன் போட்டு, அந்தப் பாஸ்தாவைச் செய்யச் சொல்லிக் கொடுத்தது நீ என்று சொல்லிவிட்டேன். "தெரியும் ஆன்ட்டி. ஒவ்வொரு தொட்டியிலயும் குச்சியில செடி பேர் எழுதிச் செருகி இருக்கே. அது உங்க எழுத்தும் இல்ல, அவர் எழுத்தும் இல்ல. நீங்க சொல்லுவீங்கன்னுதான் கேட்டேன்" என்றாள். பிறகு, "அவங்க பேரை உங்க வீட்ல யாருமே சொல்றதில்ல. நாளைக்கு என் பேருக்கும் இதே கதிதானோன்னு பயமா இருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் அவனிடம், உன் பேரை இனிமேல் இந்த வீட்டில் நான் ஒளித்து வைக்கப்போவதில்லை என்று சொன்னேன். அவன் குளியலறைக்குள் போனான். ரொம்ப நேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது அவன் தலை நனையவில்லை.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதுதான். எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ பெட்டியோடு படியிறங்கிய அன்று நின்று திரும்பி, "அத்தை, நீங்களாவது ஏதாவது சொல்லுங்க" என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை. நீ தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். அவன் பக்கம் பேசினால் உனக்குத் துரோகம், உன் பக்கம் பேசினால் எனக்கு இருக்க இடமில்லை என்று நினைத்தேன். என் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டேன், கண்ணு. மன்னித்துவிடு என்று கேட்க ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நின்று நின்று கால் வீங்கினால் வெந்நீரில் உப்புப் போட்டு வை. நர்ஸம்மாவின் போன் எப்போதும் ஆனில்தான் இருக்கும். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கீழே அவள் வீட்டில்தான் இருப்பேன். என்னைத் திட்டுவதற்காகவாவது ஒரு தடவை கூப்பிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்க உனக்கென்று ஒருவர் கிடைக்க வேண்டும். கிடைக்கிற வரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்க விடு.

உன் நலம் ஒன்றையே நினைக்கும்,
அத்தை