குழம்புச் சட்டி மூடியின் சத்தம்

அன்பான என் வீட்டுக்காரருக்கு,

நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன். இருப்புத்தான் கொள்ளவில்லை.

படத்துக்குச் சத்தம் சேர்க்கும் எங்கள் அறையில் இந்த வாரம் புருஷன் பெண்டாட்டி சண்டைக் காட்சி. வசனமே கிடையாது. “இசை போட்டுடலாமா?” என்றார் இயக்குநர். “வேண்டாம் சார், எங்க வீட்டுல கோபம் வந்தா பாத்திரம்தான் பேசும்” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். காலையிலிருந்து ஒரு சட்டியை விதவிதமாக மூடிப் பார்க்கிறேன். ஒருமுறை கை தவறியது போல இருக்கிறது, இன்னொரு முறை பூனை உருட்டியது போல. ஒரு மூடி என் கால்விரலிலேயே விழுந்தது. லேசான வீக்கம்தான், பதறாதீர்கள்.

ஓர் உதவி. நான் கிளம்பிய அன்று ஒரு வார்த்தை பேசாமல் குழம்புச் சட்டியை மூடினீர்களே, அந்தச் சத்தம்தான் வேண்டும். போனை அடுப்புமேடையில் வைத்து, அதே மாதிரி மூடிப் பதிவு செய்து அனுப்புங்கள். மிக்சி ஓடக் கூடாது. பாப்பா பேசினால் பரவாயில்லை.

அடுத்த காட்சிக்கு அழைக்கிறார்கள். ஒன்று மட்டும்: அந்தக் கோபம் இப்போது இல்லையென்றால் சத்தம் சரியாக வராது. அப்படியானால் பதிவெல்லாம் வேண்டாம், போன் போட்டுப் பேசுங்கள். படத்துக்கு அவர்கள் இசையே போட்டுக்கொள்ளட்டும்.

அவசரமாக,
உங்கள் வாயாடி