மைக்கில் சொன்ன பேர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பரளச்சிப் பிள்ளைகள் திருச்சுழிப் பள்ளிக்குப் போக வேன் வாங்க, எங்கள் தொண்டு நிறுவனம் கொடை நாள் நடத்தியது. அவரவர் தெரிந்தவர்களிடம் நிதி கேட்க வேண்டும். எனக்குக் கூச்சம், ஊர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டேன். தங்கமாரி அத்தை உடனே கூப்பிட்டார்.

"ஏத்தா, கோயிலுக்குக் குடுத்தாலே மைக்குல பேர் சொல்லுவாக. நீ சொல்லாட்டி எவன் போடுவான்?"

அதனால் கொடை நாள் அன்று இணைய நேரலையில் நானே மைக் பிடித்து, கொடுத்தவர்கள் பேரையெல்லாம் வாசித்தேன். வேனுக்குப் பணம் சேர்ந்துவிட்டது. கடைசியில் நீங்கள் 'பரளச்சி சோலைச்சாமி மகள்' என்று என் பேரில் போட்ட பணம் வந்தது. அதையும் அப்படியே மைக்கில் வாசித்தேன், அப்பா. இங்கே எங்கள் பெங்களூரு அலுவலகமே கைதட்டியது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மாவின் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்புங்கள். இரண்டு நாள் தங்கிப் போகட்டும்.

அலுவலகம் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பரளச்சி சோலைச்சாமி மகள்
மாரிக்கனி