இடது கையில் தடவிய எண்ணெய்

என் அன்பு அத்தான்,

இப்படிக் கூப்பிட எனக்கு வேறு ஆளில்லை. கூப்பிட்டுவிட்டுச் சொல்ல வந்ததைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

உங்களோடு கப்பலில் சமையல்காரராக இருந்த பிலிப்பைன்ஸ்காரர் நெஸ்டர் நேற்று நம் கரமனை வீட்டுக்கு வந்தார். விழிஞ்ஞத்தில் கப்பலை விட்டு இறங்கித் தம்பானூர் லாட்ஜில் தங்கியிருக்கிறார். ஊருக்கு விமானம் ஏறும் முன் நம்மைப் பார்க்க வேண்டுமாம். உங்கள் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

பிறகு தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் பேசினார்; உங்களைச் செல்வா என்றே சொன்னார். நம் ஹரி எனக்குத் தமிழில் சொன்னான். நெஸ்டரின் அம்மா அவர்கள் தீவில் ஹிலோட், கையால் தடவி நோய் தீர்க்கிறவர். வாழையிலைத் துண்டில் தேங்காயெண்ணெய் பூசி உடம்பின்மேல் இழுப்பாராம். இலை எங்கே ஒட்டி நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அம்மாவிடம் பழகியதை நெஸ்டர் கப்பலில் சுளுக்கு, பிடிப்பு என்று வருகிறவர்களுக்குச் செய்திருக்கிறார்.

"அன்றைக்குச் செல்வா இடது கை வலிக்கிறதென்று வந்தான். சதையில் குளிர் இறங்கிவிட்டது என்று நினைத்துத் தடவினேன். அவனுக்கு வேர்த்துக் கொட்டிய பிறகுதான் கப்பலில் மருந்து பார்க்கிற ஆபீசரிடம் ஓடினேன். ஆக்சிஜன் வைத்தார்கள். பிந்திவிட்டது."

ஹரி விருட்டென்று எழுந்தான். "போதும்! இனி ஒண்ணும் கேக்க வேண்டாம். ஹார்ட் அட்டாக் வந்த மனுஷனுக்கு எண்ணெய் தேச்சிருக்காரும்மா. இவர்தான் அப்பாவைக் கொன்னுட்டார்!"

அவரிடம் ஆங்கிலத்திலும் அதையே கத்தி, வாசலைக் காட்டினான். அவர் பதில் பேசாமல் போய்விட்டார்.

நானும் பேசவில்லை, அத்தான்.

கடைசியாகப் போன் பண்ணியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நேத்துலேருந்து கை வலிக்கி, கோமு. யார்ட்டயும் சொல்லிராத. தெரிஞ்சா அன்ஃபிட்னு இறக்கி விட்ருவானுவ." ஹரிக்கு அது தெரியாது. தெரிந்த நான், பழி இன்னொருவர் தலையில் விழுவதைப் பார்த்துவிட்டு டம்ளர் கழுவப் போனேன். யாரைக் காப்பாற்றப் போனேன்? உங்களையா, என்னையா?

இன்று ஹரி ஆபீஸ் போனதும் தம்பானூருக்குப் பஸ் ஏறினேன். லாட்ஜின் முன்கூடத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சிஸ்டர்," என்றார் நெஸ்டர். "வலி நேற்றிலிருந்தே என்று என்னிடமும் சொன்னான். ஆபீசரிடம் போகலாம் என்றேன். வேண்டாமென்று என் கையைப் பிடித்துக்கொண்டான்."

"அதை ஏன் நேத்து சொல்லல?"

"மகன் எதிரில் அப்பாவைக் குறை சொல்வதா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உங்கள் மானத்துக்காக அந்த மனிதர் வசவு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதுவும் நம் வீட்டில், என் கையால் காபி குடித்துவிட்டு.

இப்போதும் தடவுகிறாராம். ஆனால் யார் வந்தாலும் முதலில் ஆபீசரிடம் அனுப்பிப் பிரஷர் பார்க்கச் சொல்கிறார். கரையிலிருக்கும் டாக்டர் போனில் சரியென்ற பிறகுதான் எண்ணெயைத் தொடுவாராம். தோள் வலியால் நான் கையைத் தூக்க முடியாததைக் கவனித்துவிட்டு, "எக்ஸ்ரே எடுத்தீர்களா?" என்றுதான் கேட்டார்.

ஹரி வருகிற நேரமாகிவிட்டது. இன்றே சொல்லிவிடுவேன். உங்கள்மேல் கோபப்படுவான், என்மேல் அதைவிட. படட்டும், நாம் தாங்கிக்கொள்வோம். நெஸ்டர் விமானம் ஏறுவதற்குள் அவனை அந்த லாட்ஜுக்குக் கூட்டிப்போவேன். இது என் வாக்கு.

தலைகுனிவோடு,
உங்கள் மாமன் மகள், ஹரியின் அம்மா,
கோமதி